கைக்கு வாட்டம்

கப்பலூர் சிட்கோவில், மூன்றாவது குறுக்குச் சந்தில்
தேங்காய் துருவி செய்கிறோம்.
கனடாவுக்குப் போகிற பெட்டியின் மேல்
ஒரே ஒரு வரி வேண்டியிருந்தது, இங்கிலீஷில்.
எழுதியவள் நான்.
பி.காம்., தமிழ் மீடியம், இரண்டாம் வகுப்பு.

யூ வில் பி என்ஜாய்ட் பை திஸ் ஸ்கிரேப்பர்.

காக்காத்தோப்பு அச்சகத்தில் நாகூர்கனி
ஐந்நூறு அட்டை ஓட்டி முடித்த பிறகுதான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"ஏம்மா, துருவிய நாம அனுபவிக்கிறமா,
துருவி நம்மளையா?"

பெரியாரில் பஸ் ஏறி
பசுமலை வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன்.
திருநகர் தாண்டியதும் அழுகை.
அட்டை ஒன்றுக்கு ஏழு ரூபாய்.

ஓனர் ஞானகுரு திட்டவில்லை.
டிக்‌ஷனரி ஒன்று வாங்கி வந்து வைத்தார்,
பில்லையும் உள்ளேயே வைத்து.

அதற்கப்புறம் ஒன்பது நாள்.
என்ஜாயபிள் டு யூஸ். தப்பில்லையாம்.
ஆனால் டி.சி.யில் 'நடத்தை: திருப்திகரம்' என்று
ஹெட்மாஸ்டர் எழுதுவாரே, அந்த முகம் அதற்கு.
ஃபன் என்று போட்டால்
பல் வைத்த இரும்பில் உனக்கென்ன விளையாட்டு
என்று யாராவது கேட்பார்கள்.
ஜாய்ஃபுல் என்று போட்டேன், ராத்திரி அடித்தேன்:
சந்தோஷம் துருவிக்குப் போய்விடுகிறது,
துருவுகிறவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசியில் அகப்பட்டது
எ ஜாய் டு யூஸ்.
ஒரு சந்தோஷம், உபயோகிக்க.
அந்த 'ஒரு'வில்தான் மாட்டிக்கொண்டேன்.
கிலோவா, டஜனா,
ஒன்று இரண்டு என்று எண்ணி வருமா அது
எங்கள் வீட்டுப் பக்கம்?

பேக்கிங்கில் ஒச்சம்மாளைக் கூப்பிட்டேன்.
கூத்தியார்குண்டிலிருந்து நடந்தே வருகிறவள்.
ஆறாயிரம் துருவிக்கு நெகிழிப்பை மாட்டியிருக்கிறாள்,
ஒன்றையும் சுற்றிப் பார்த்ததில்லை.
மேசை விளிம்பில் முடுக்கி
அரைமூடியைக் கையில் கொடுத்தேன்.

சுற்றினாள்.
கறுப்பு ஓடு தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால்
கை தானாக நின்றது.
"எப்படியிருக்குக்கா?"
பதிலில்லை. மற்ற மூடிக்குக் கையை நீட்டினாள்.
"அக்கா, எப்படின்னு சொன்னாத்தானே
நான் எழுத முடியும்?"
"ஏத்தா, கைக்கு வாட்டமா இருக்குல்ல.
இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

வாட்டம்.
பூ தலை தொங்கினால் வாட்டம்.
சோறில்லாத முகத்தில் இருப்பதும் அதுதான்.
மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் ஓட
கொத்தனார் விடுகிற சரிவுக்கும் அதே பேர்.
அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்,
எங்கோ ஒரு சரிவு கிடைத்த மாதிரி
கை ஓடிக்கொண்டிருந்தது.

டிக்‌ஷனரியில் தேடினேன்.
சரிவு இருந்தது. கை இருந்தது.
வெவ்வேறு பக்கத்தில்.

எ ஜாய் டு யூஸ் என்றே எழுதி அனுப்பினேன்.
நாகூர்கனி போன் செய்தார்:
"முன்னாடி எதுக்கும்மா ஒத்த எழுத்து?
எடுத்துட்டா அட்டைல நடுவுல உட்காரும்."
எடுக்காதீங்க பாய், என்றேன்,
எடுத்தால் விழுந்துவிடும்.
எது விழும் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரியாது எனக்கு.

பழைய ஐந்நூறும் இங்கேதான் கிடக்கின்றன.
ஒன்றை எடுத்துத் துருவிக்குக் கீழே விரித்தாள் ஒச்சம்மாள்,
மேசை அழுக்காகக் கூடாதென்று.
பூவாக விழுந்தது வெள்ளை.
முதலில் ஸ்கிரேப்பர் மறைந்தது,
பிறகு என்ஜாய்ட்.
'யூ' மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"பொரிகடலை யாரு வாங்கியாரப்போறா?" என்றாள்,
கையை நிறுத்தாமல்.